ஹோப்ஸ் எறங்கறவங்க முன்னாடி வாங்க

கண்டக்டர் குரல் கேட்டதும் பக்கத்தில் நின்ற பாலிடெக்னிக் பையன் பையை மாட்டிக்கொண்டு நகர்ந்தான். வெளுத்த சட்டை. வலது கைமடிப்பில் மட்டும் துவைத்தும் போகாத கிரீஸ் கறை.

கோயம்புத்தூரில் அவன் இறங்கிய ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இப்போது அந்தக் காலேஜ் இல்லை.

1945-ல் கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அது. ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரி பின்னாளில் தடாகம் ரோட்டுக்குப் போனது. இன்றைய ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதுதான்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் வாங்கித் தானே ஓட்டியவர் நாயுடு. பள்ளிக்கூடம் பிடிக்காமல் சின்ன வயதிலேயே நின்றுவிட்ட மனுஷன், அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்!

பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும் என்றார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார்.

ரெண்டு வருஷம் போதாது என்பதுதான் என் எண்ணம். கணக்கு மண்டையில் ஏற நாள் பிடிக்கும்.

ஆனாலும் பட்டம் வாங்கியும் லேத் மெஷின் பக்கமே போகாத பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மனுஷன் போட்ட சண்டை எனக்கு நியாயமாகவே படுகிறது.