மூன்றை வாசி, நான்காவதைப் பாடு

ஜெர்மனியில் லைப்சிக் இசைக் கல்லூரியில் ஆர்கன் படிக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாக் வாசிச்ச ஆர்கனையா வாசிக்கிறே?" அந்த ஆர்கன் இப்போது இல்லை. இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750-இல் சாகும்வரை வேலை பார்த்த தோமா தேவாலயத்தின் மேற்கு மாடத்தில் இன்று நிற்பது 1889-இல் சாவர் என்ற ஆர்கன் கைவினைஞர் கட்டியது. பாக் காலத்து ஒலிக்கென்று அமைத்த இன்னொன்று 2000-இல்தான் வந்தது. எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் பாக் கால் வைத்ததே இல்லை. கிராஸ்ஸி தெருவில் அது திறக்கப்பட்டது 1887-இல். ஆனால் வாரா வாரம் எனக்கு நடக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பழமை என்றால் எனக்கு இப்போது அதுதான்.

பாடம் இதுதான். நான்கு குரலுக்கு எழுதிய ஒரு கோராலை, அதாவது ஜெர்மன் ஞானப்பாட்டு மெட்டை, ஆசிரியர் பியானோ மேல் வைப்பார். நாம் பழகியதுபோல இரண்டு வரியில் அடக்கியிருக்காது. மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நான்குக்கும் தனித்தனி வரி, எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் பழைய கிளெஃப் குறியும் தனித்தனி. அதில் மூன்று குரலைக் கையால் வாசிக்க வேண்டும், நான்காவதை வாயால் பாட வேண்டும். சோப்ரானோவைப் பாடுவது சுலபம், அது மெட்டு. பேஸுக்கும் பிடிமானம் உண்டு. ஆல்ட்டோதான் ஆளைச் சோதிக்கும். இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும், வரி முடிகிற இடத்தில் மட்டும் சட்டென்று நகரும். மேலே மெட்டு போகும் பக்கமே தொண்டை இழுக்கும். சரி, பிடிபட்டுவிட்டது என்று மூச்சு விடும்போது ஆசிரியர் "டெனர்!" என்பார். வாசிப்பு நிற்கக் கூடாது. பாடிக்கொண்டிருந்த ஆல்ட்டோ கைக்குப் போக வேண்டும், கையிலிருந்த டெனர் வாய்க்கு வர வேண்டும்.

மாணவர்களில் பலர் இதை ஒரு தடையாகத்தான் பார்க்கிறார்கள், எப்படியாவது தாண்டிவிட்டு மேடைக்கான பெரிய படைப்புகளுக்குப் போக வேண்டும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசையமைப்பாளர் மெண்டல்சோன் எங்கள் கல்லூரியை ஒரு கன்சர்வேட்டரியாக 1843 ஏப்ரல் 2-ஆம் தேதி கெவாண்ட்ஹவுஸ் இசை அரங்கின் முற்றத்தில் தொடங்கியபோதே, எந்தக் கருவிக்கு வந்தவரும் ஹார்மனியும் (சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது) கவுண்டர்பாயிண்டும் (தனித்தனி மெட்டுகளை ஒன்றாக ஓடவிடுவது) படிக்க வேண்டும் என்று மூன்று வருடத் திட்டம் போட்டிருந்தார். முதல் வருடம் ஹார்மனி, மூன்றாம் வருடம் ஃபியூக், அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். பியானோவுக்கும் இசையமைப்புக்கும் ஷூமான், வயலினுக்கு ஃபெர்டினாண்ட் டாவிட், தியரிக்கு மோரிட்ஸ் ஹாப்ட்மான். விரல் வேகத்துக்கே கைதட்டல் கிடைத்த காலத்தில், அடுத்தவர் குரலைக் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்க ஒரு பள்ளி! பதினைந்து வயதில் நார்வேயிலிருந்து வந்த இசையமைப்பாளர் க்ரீக் இங்கே நடந்த பாடங்களைப் பற்றிப் பின்னாளில் கசப்பாகவே பேசினார். அவர் குறையை நான் மறுக்கவில்லை. பழைய பள்ளிகளில் உயிரில்லாத பயிற்சிகளும் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ஒன்று உயிருள்ளது.

எனக்கு இது இவ்வளவு நெருக்கமாகப் படக் காரணம் உண்டு. நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையில் வளர்ந்தவள். 1840-களில் அங்கே வந்து பழைய மிஷன் வேலையைக் கையில் எடுத்தது இதே சாக்சனி நாட்டு மிஷன்தான். பிறகு அதற்குப் பெயரே லைப்சிக் மிஷன் என்று ஆயிற்று. கீர்த்தனைகள் ஒருபக்கம், ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டுகள் ஒருபக்கம் என்றுதான் எங்கள் ஆராதனை. அப்பா காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தில் வாசிப்பார், சபை தன் இஷ்டத்துக்குச் சுரங்களை இழைத்து நிதானமாகப் பாடும். பெரிய வெள்ளிக்கு நாங்கள் பாடும் ஒரு மெட்டு, 1601-இல் ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. அதே மெட்டை பாக், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தன் 'மத்தேயு பாடுகள்' இசைப்படைப்பில் ஐந்து முறை கொண்டுவருகிறார். முதல் இரண்டு முறையும் ஹார்மனி ஒன்றே. இரண்டாவது முறை மட்டும் எல்லாமே அரைச்சுரம் கீழே. இடையில்தான் பேதுரு "நான் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்று உறுதி சொல்கிறான். கடைசி முறை, இயேசு உயிர்விட்ட வசனம் முடிந்த கையோடு. அதே மெட்டுதான், ஆனால் கீழே உள்ள குரல்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிகின்றன. முடிவும் நம் காது எதிர்பார்க்கும் சுரத்தில் வந்து அமராது. இந்தக் கடைசி வடிவத்தில் டெனரைப் பாடிக்கொண்டு மற்ற மூன்றையும் வாசித்த அன்றைக்கு, சின்ன வயதிலிருந்து பாடிய மெட்டுக்குள் இத்தனை துக்கம் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. அன்று இரவே அப்பாவுக்கு அந்த டெனரை மட்டும் போனில் பாடிக் காட்டினேன். "இன்னொரு தரம் பாடும்மா, இடது கையில பிடிச்சுப் பாக்கிறேன்" என்றார்.

மெண்டல்சோனே ஆர்கனில் சும்மா இருந்தவர் இல்லை. பாக்குக்கு நினைவுச் சின்னம் எழுப்பப் பணம் திரட்ட, 1840 ஆகஸ்ட் 6 அன்று தோமா தேவாலயத்தில் தனியாளாக முழுக்க பாக் வாசித்தார். அதற்கு முன் எட்டு நாள் பயிற்சி செய்ததில் நேராக நிற்கவே முடியவில்லை, தெருவில் நடந்தால்கூட ஆர்கன் பெடல் வாசிப்பதுபோலவே கால் போயிற்று என்று அம்மாவுக்கு எழுதினார். ஆர்கன் செருப்பு போட்டவர்களுக்கு இது புரியும். மெல்லிய தோல் அடி, சிறிய குதிகால். நுனிவிரல், குதிகால், நுனிவிரல் என்று பெடல் கட்டைகளைத் தடவியே தேடும் பழக்கம் வெளியே வந்தும் காலை விடாது. 1841 குருத்தோலை ஞாயிறன்று அதே தேவாலயத்தில் மத்தேயு பாடுகளையும் நடத்தினார். பாக்கின் நினைவுச் சின்னம் 1843 ஏப்ரல் 23-இல் திறக்கப்பட்டது, எங்கள் பள்ளி தொடங்கி மூன்று வாரத்தில்.

இவ்வளவு செய்தவருடைய சிலையை, யூதராகப் பிறந்தவர் என்பதற்காக, 1936 நவம்பரில் நாஜிகள் இரவோடு இரவாகப் பெயர்த்தெடுத்தார்கள். அதை எதிர்த்து லைப்சிக் மேயர் கோர்டெலர் பதவி விலகினார். பள்ளிக்கு மெண்டல்சோன் பெயர் 1972-இல்தான் வந்தது. சிலையின் மறுவடிவம் 2008-இல் தோமா தேவாலயத்துக்கு எதிரே நின்றது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது போகவும் வேண்டாம்.

இங்கே படிக்க ஆசைப்பட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்கு: நுழைவுத் தேர்வில் ஆர்கன் வாசிப்பு மட்டும் பார்க்க மாட்டார்கள், பியானோ, பாட்டு, காதுப் பயிற்சி, ஹார்மனி எல்லாம் உண்டு. ஜெர்மன் மொழியை முன்பே தொடங்கிவிடுங்கள். ஊரில் ஆர்கன் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கொயரில் இருக்கும் நான்கு குரல் பாட்டுப் புத்தகமும் ஒரு கீபோர்டும் போதும். ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, முதலில் ஆல்ட்டோவைப் பாடிக்கொண்டே மற்ற மூன்றையும் மெதுவாக வாசித்துப் பாருங்கள்.