வெட்டுப்புள்ளியும் வன்னிப் பிள்ளையும்

இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியை, வேறாக்கிய தரப்படுத்தல் என்றால் நம் சங்கத்து மூத்தவர்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 எடுக்கவேண்டும். சிங்களமொழி மூலத்தவருக்கு 229 போதும். அந்த அநீதியை அப்போதே, 1974இல், புள்ளிவிபரங்களோடு ஆராய்ந்து எழுதியவர் வரலாற்றாய்வாளர் சந்திரா றிச்சர்ட் டி சில்வா. நன்றியோடு நினைக்கவேண்டிய பெயர்.

மாவட்ட ஒதுக்கீடும் 1974இலேயே வந்தது. இப்போது பெரும்பாலான துறைகளில் 40% அகில இலங்கைத் திறமைக்கு, 55% மாவட்டச் சனத்தொகைக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

2001 முதல் இசட் புள்ளி, அதாவது வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக்கும் கணக்கு. பேராசிரியர் தட்டில் என்பவர் முன்வைத்த முறை இது. பாடத்தின் இடையை (எல்லோரின் சராசரிப் புள்ளியை) பிள்ளையின் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் எவ்வளவு பரந்துள்ளன என்ற அளவால்) வகுப்பார்கள். இடை 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 2.0000, இடை 55, விலகல் 10 என்றால் அதே 70க்கு 1.5000 தான். மூன்று பாடத்தின் சராசரியே இறுதிப் புள்ளி. ஒரே வினாத்தாளுக்குத் தோற்றியவர்களை ஒப்பிடும்வரை கணக்குச் சரி. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டத்தாரை ஒன்றாகக் கலந்தார்கள். கணக்குத் தவறாகிவிட்டது, தனித்தனியே கணிக்கும்படி 2012இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் எந்தச் சூத்திரமும் மாவட்டத்துக்குள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி என வகைப்படுத்திய பாடசாலைகளில்தான் உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டும். வன்னியிலுள்ள முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பிள்ளை கணிதம் படிக்க ஊரை விட்டு விடுதியில் நிற்கவேண்டும். காசில்லாத வீட்டில் அந்தப் பிள்ளை கலைப்பிரிவுக்கே போகும், கெட்டித்தனம் இருந்தும். நம் சங்கக் காசு மண்டபத்துக்குப் போவதைவிட இந்த விடுதிச் செலவுக்கும் பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்களுக்கும் போவதே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

செலவில்லாத உதவியும் ஒன்று உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் துறைகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பவேண்டும். புள்ளி காணாது என்ற பயத்தில் பிள்ளைகள் வெட்டுப்புள்ளி குறைந்த துறையை மேலே போட்டுவிடுகிறார்கள். பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, தகுதியான முதல் துறையைத்தான் தருவார்கள். விரும்பிய துறையை முதலில் எழுதுவதால் கீழேயுள்ளது கைநழுவாது. பயத்தில் மேலே எழுதியது கிடைத்தால், கீழே எழுதிய ஆசைப்பட்ட துறையை யாரும் பார்க்கவே மாட்டார்கள். படிவம் அனுப்புமுன் விடயம் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் அரைமணி நேரம் பிள்ளையோடு பேசினால் இந்தப் பிழை நேராது.