கால் சென்ட் பாத்தியும் பண்ணைதான்

2014-ஐக் குடும்ப வேளாண்மை ஆண்டாக அறிவித்த ஐ.நா., 2019 முதல் 2028 வரையிலான பத்தாண்டையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறது. குடும்பமே நடத்த வேண்டும், பெரும்பாலும் குடும்பத்தார் உழைப்பில் நடக்க வேண்டும் என்பதுதான் அதன் விளக்கம். இத்தனை ஏக்கர் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. நகரத்தில் பயிரிடுபவர்களை வெளியே நிறுத்துவது மானியத்துக்கான விண்ணப்பப் படிவம்தான்: குறைந்தபட்சப் பரப்பு, சொந்தப் பெயரில் நிலப் பத்திரம்.

உலகப் பண்ணைகளில் ஆறில் ஐந்து 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. மொத்த விளைநிலத்தில் சுமார் 12 சதவீதத்தை வைத்துக்கொண்டு, உணவில் ஏறக்குறைய 35 சதவீதத்தை அவைதான் விளைவிக்கின்றன. அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு பரப்பைப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 1,000 டாலருக்கு விளைபொருள் விற்றாலோ விற்கும் அளவுக்கு விளைந்தாலோ பண்ணை என்று எண்ணிக்கொள்கிறது. பரப்பை வைத்து அளப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அடுப்படிக்கே போகும் சிறு விளைச்சல் இதிலும் விட்டுப்போகிறது.

கொள்கையில் முதலில் மாற வேண்டியது குத்தகைக் காலம். காலிமனையில் ஓராண்டு அனுமதி கொடுத்தால் யாரும் மண்ணுக்குச் செலவழிக்க மாட்டார்கள். கெட்டிப்பட்ட மண் மக்கு உரமும் மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் வைக்கோல், சருகு) போட்டுப் பொலபொலவென்று ஆக இரண்டு மூன்று பட்டமாவது, அதாவது பயிர்ப் பருவமாவது, பிடிக்கும். பக்குவத்துக்கு வரும்போது காலி செய்யச் சொன்னால் உழைப்பெல்லாம் வீண். ஐந்தாண்டுக்குக் குறையாத எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இடையில் காலி செய்ய நேர்ந்தால், நிற்கும் பயிரை அறுத்து முடிக்க அவகாசமும் வேண்டும்.

மண் பரிசோதனையை இலவசமாகவே செய்து தர வேண்டும். பழைய பெயின்ட், ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த புகை, இடிபாடு எல்லாம் நகரத்து மண்ணில் ஈயத்தை விட்டுப் போயிருக்கும். அது தானாக மறையாது. மேல் 15 செ.மீ. மண்ணைப் பத்து இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துச் சோதனையில் ஈயம் தெரியாது, கன உலோகச் சோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும். ஈயம் இருந்தால் கீரையும் கிழங்கும்தான் ஆபத்து; தக்காளி, கத்திரி போன்ற காய்களுக்குள் அது அவ்வளவாக ஏறாது.

அப்படிப்பட்ட இடத்தில் அடியில் துணி விரித்து, வேறு மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போடுவது வழி. 1.2 மீட்டர் அகலம் என்றால் இரு பக்கமிருந்தும் கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. நீளம் 3 மீட்டர், உயரம் 30 செ.மீ. என்றால் ஒரு கன மீட்டருக்குச் சற்று கூடுதலாக மண் பிடிக்கும். முழுக்க மக்கு உரத்தால் நிரப்புவது பலரும் செய்யும் தவறு. அது மட்க மட்கப் பாத்தி இறங்கிவிடும்.

தண்ணீருக்கு எளிய கணக்கு உண்டு. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால், 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர் வேண்டும். வீட்டு உபயோகக் கட்டணத்தில் இது கட்டுப்படியாகாது. சிறு பயிரிடுவோருக்கென்று தனி இணைப்பும் தனிக் கட்டணமும் வேண்டும்.

பயிரிடுபவர்கள் இன்றே தொடங்கக்கூடியது நோட்டுப் புத்தகம். தேதி, பாத்தி எண், பயிர், எடை, விற்றதா சமைத்ததா கொடுத்ததா என்று ஐந்து கட்டம் போதும். சமைத்ததை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். மானியம் கேட்டுப் போகும்போது விளைச்சலில் பாதி காணாமல் போவது அங்கேதான்.