விலா பெல்ட் வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்

மருந்துக்கடையில் போய் "விலா வலிக்கு ஒரு பெல்ட் கொடுங்க" என்று கேட்டால், சிசேரியனுக்கும் குடலிறக்க ஆபரேஷனுக்கும் பிறகு கட்டுகிற வயிற்று பெல்ட்டை எடுத்து நீட்டிவிடலாம். "கொஞ்சம் மேலே ஏத்திக் கட்டிக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்ற ஆலோசனையும் கூடவே வரும். ஒன்றல்ல. அந்தப் பட்டை 8 அல்லது 10 அங்குல அகலம். மேலே ஏற்றினால் நெஞ்சையும் மேல்வயிற்றையும் சேர்த்து அமுக்கும். விலா வலிக்கிறவர் நெஞ்சை விரிக்க முடியாமல் வயிற்றை உப்பித்தான் மூச்சு வாங்குவார். அந்த வழியையும் அடைத்துவிட்டால் எங்கே மூச்சு விடுவது? சாப்பிட்டதும் புளித்த ஏப்பம் வேறு வரும்.

இடுப்பு வலிக்கான பெல்ட்டின் முதுகுப் பக்கம் தகடுகள் இருக்கும். அவை விலாவின் ஓரத்தில் குத்தும். தோளில் வார் மாட்டுகிற நெஞ்சு பைண்டர், இதய ஆபரேஷனில் பிளந்து தைத்த நடு எலும்புக்கானது. நீங்கள் கேட்க வேண்டிய பெயர் 'ரிப் பெல்ட்'. சுமார் 6 அங்குல அகலத்தில் ஒரு எலாஸ்டிக் பட்டை, முன்னால் ஒட்ட வெல்க்ரோ. தகடு, கம்பி, காந்தம், மூலிகைப் பை எதுவும் தேவையில்லை.

பெல்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வலிக்கும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து, மெதுவாக அணைத்தபடி லேசாக இருமுங்கள். வலி குறைந்தால் பெல்ட்டும் உதவ வாய்ப்பு உண்டு. கை பட்டாலே வலி கூடினால் பெல்ட்டும் அதையேதான் செய்யும். 11, 12ஆம் விலாக்களில் அடிபட்டவர்களுக்கு இது அதிகம் நடக்கும். அந்த இரண்டு ஜோடியின் முன் நுனி எதிலும் ஒட்டாமல் தொங்குவதால் பட்டை அவற்றை உள்ளே தள்ளும். அவர்களுக்குத் தலையணையே போதும்: இருமல் வரும்போது நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்வது, முடிந்ததும் விட்டுவிடுவது.

பெல்ட் விலாவைக் குணமாக்காது. கை உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவோ நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சோடு அசைந்தே ஆக வேண்டிய எலும்பு. ஒரு காலத்தில் ஒட்டும் பிளாஸ்டரால் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது வழக்கமாக இருந்தது. வலி குறையும், ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, அங்கே சளி தேங்கும், பிறகு நிமோனியா. அதனால்தான் அந்தக் கட்டைக் கைவிட்டார்கள். விலா முறிவு பெரும்பாலும் 6 வார வாக்கில் கூடிவிடும். பெல்ட் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதே கணக்குதான். இருமல், தும்மல், படுக்கையிலிருந்து எழுவது, குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் பயணம் ஆகியவற்றைத் தாண்ட ஒரு துணை, அவ்வளவே. இப்படி நினைத்துக்கொண்டால் எதை வாங்குவது என்பதும் எளிதாகிவிடும்: ஒரு கையால் இழுத்த உடனே கழல வேண்டும், கட்டியபடியே ஆழமாக மூச்சு வாங்க முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பெல்ட் எந்தக் கம்பெனியுடையதானாலும் வேண்டாம்.

இதே காரணத்தால்தான் கிரேப் பேண்டேஜும் சரிப்படாது. சுற்றிவிட இன்னொருவர் வேண்டும். அரை மணியில் நழுவிச் சுருண்டு கயிறு மாதிரி ஆகி, ஒரே கோட்டில் அறுக்கும். மூச்சு முட்டினால் தானாக அவிழ்க்கவும் முடியாது.

அளவுக்கு வருவோம். சட்டை சைஸை வைத்து வாங்காதீர்கள். சட்டையின் அளவு அக்குளுக்குக் கீழே, மார்பின் மேல் எடுப்பது. ரிப் பெல்ட் உட்காரும் இடம் அதற்கும் கீழே, ஏறக்குறைய நெஞ்சுக்குழி மட்டத்தில். தையல்காரர் டேப்பை அந்த மட்டத்தில், முதுகில் இறங்கிவிடாமல் சுற்றி, இரண்டு அளவு எடுங்கள்: சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில் ஒன்று, முடிந்தவரை உள்ளே இழுத்த நிலையில் ஒன்று. நல்ல உடம்பில் இரண்டுக்கும் சுமார் 5 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். விலா வலியில் அது 2, 3 ஆகச் சுருங்கியிருக்கும். உதாரணத்துக்கு, மூச்சு விட்டால் 88, இழுத்தால் 91 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 'மீடியம் 80-90, லார்ஜ் 90-100' என்று போட்டிருந்தால், மூச்சிழுத்த அளவும் அடங்க வேண்டும் என்பதால் லார்ஜ்தான் உங்களுடையது. கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை மாறும், அதனால் எழுத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். பெல்ட்டைக் கட்டிய பிறகு அதன் மேலேயே டேப்பை வைத்து மறுபடி இரண்டு அளவும் எடுக்க வேண்டும். இருந்த 3 சென்டிமீட்டர் வித்தியாசம் 1 ஆகக் குறைந்துவிட்டதென்றால் இறுக்கம் அதிகம். வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டுங்கள்.

பெண்களுக்கென்று முன்பக்கம் வளைத்து வெட்டிய பட்டை தனியாக வருகிறது. அது மார்பகத்துக்குக் கீழே உட்காரும்படி வடிவமைத்தது. நேர்ப்பட்டையை மார்பகத்தின் மேலே கட்டினால் வலியும் உண்டு, வியர்வைப் புண்ணும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் சேரும். மேல் விலாக்களில் வலி என்றால் இந்தப் பட்டை அங்கே எட்டாது. சேலை கட்டுபவர்களுக்கு இன்னொரு சங்கடம்: ஜாக்கெட் முடிகிற இடமும் பெல்ட்டின் ஓரமும் ஒன்றாகிவிடுவதால் வெறும் தோலில் விளிம்பு உரசும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு அதன் மேல் கட்டினால் தீர்ந்தது. ஆண்களும் அப்படித்தான் கட்ட வேண்டும், நம் ஊர் வெயிலில் வெறும் உடம்பில் எலாஸ்டிக் ஒரு நாளைக்குமேல் தாங்காது.

கட்டும் முறை. நின்றபடியோ நிமிர்ந்து உட்கார்ந்தபடியோ, பட்டையின் நடுப்பகுதியை முதுகில் வைத்து, இரண்டு முனையையும் ஒரே அளவில் முன்னால் இழுத்து, வலியில்லாத பக்கமாக ஒட்டுங்கள். வலிக்கும் பக்கத்தின் மேல் வெல்க்ரோவின் மடிப்பு வரக்கூடாது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு இழுத்துக் கட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. அப்போது நெஞ்சு மிகச் சிறியதாக இருப்பதால் அடுத்த மூச்சுக்கு இடமே இருக்காது. சாதாரண மூச்சின் நடுவில் கட்டுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். தைலமோ வலி ஜெல்லோ தடவிய இடத்தின் மேல் கட்டாதீர்கள். காற்றுப் புகாமல் அமுங்கிய தோல் வெந்து சிவந்துவிடும்.

நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பதற்கு இல்லை, தூங்கும்போது கட்டாயம் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை கழற்றிவிட்டு, மெதுவாகப் பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். கடைசியில் தலையணையை அணைத்தபடி ஒரு இருமல். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் கருவி கொடுத்திருந்தால் அதை வைத்துச் செய்யலாம். ஆனால் அதை ஊதுகிறவர்கள்தான் அதிகம்! அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. பந்துகளில் இருக்கும் 600, 900, 1200 என்ற எண்கள், நொடிக்கு எத்தனை மில்லி லிட்டர் வேகத்தில் காற்றை இழுக்கிறீர்கள் என்பதைக் காட்டுபவை. முதல் பந்து மட்டும் எழும்பி இரண்டு மூன்று நொடி நின்றாலே முதல் வாரத்துக்கு நல்லது. தலை சுற்றினால் நிறுத்துங்கள். வலி மாத்திரையைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலோட்டமாக மூச்சு விடுவது வீரமல்ல. டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்தால் மூச்சு ஆழமாக வரும்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட விலா முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் பெல்ட் பக்கமே போக வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். விரிசல் சில சமயம் தெரியாது, குருத்தெலும்பில் பட்ட அடி அதில் தெரியவே தெரியாது. எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்கிறவரிடம் போவது, முறிந்த நுனியை உள்ளே தள்ளுவதற்குச் சமம்.

நம் ஊரில் விலாவில் எது வலித்தாலும் 'வாயுப் பிடிப்பு' என்று இஞ்சிச் சாறு குடிப்போம். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் அது பெல்ட் விஷயமே இல்லை, 108. மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இடது பக்கக் கீழ் விலாவில் அடிபட்டு வயிறும் இடது தோளும் வலித்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். அடி எதுவும் படாமல், ஒரே பக்கத்தில் பட்டை போட்ட மாதிரி எரிச்சலாக வலித்தால் தோலைத் தினமும் பாருங்கள். நாலைந்து நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. காவியால் அக்கி எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை மட்டும் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடுங்கள். அதன் மேல் பெல்ட் கட்டாதீர்கள்.

துவைப்பது பற்றிச் சுருக்கமாக: வெல்க்ரோவை ஒட்டி மூடி, குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காய விடுங்கள். மெஷினும் உச்சி வெயிலும் எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். வெல்க்ரோவில் நூலும் முடியும் அடைத்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிடிப்பு விட்டுப்போன வெல்க்ரோ, தும்மலின் நடுவில்தான் பிய்த்துக்கொண்டு போகும்.