பானட் பிபிஎஃப் முழுசா உரிஞ்சு வந்தாச்சு: ஹீட் கன்னைவிட ஸ்டீமர்தான் சரி

வெள்ளை ஹேட்ச்பேக்கின் பானட்டில் கிடந்த பழைய பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் கண்ணாடி மாதிரியான ஃபிலிம்) ஒருவழியாகக் கழன்றுவிட்டது. முன்விளிம்பு பழுப்பேறி, மேல்பூச்சில் பொடி வெடிப்பு விழுந்து, ஓரம் முழுக்க அழுக்கு கறுப்புக் கோடாகப் படிந்திருந்த ஃபிலிம். இடது பாதிக்கு ஹீட் கன், வலது பாதிக்குத் துணி சுருக்கம் எடுக்கிற கார்மென்ட் ஸ்டீமர் என்று பிரித்துக்கொண்டு செய்ததில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஹீட் கன் பக்கம் உள்ளங்கை அளவுத் துண்டு துண்டாகக் கிழிந்து, பசையில் பாதிக்கு மேல் பெயின்ட்டிலேயே தங்கிவிட்டது. ஸ்டீமர் பக்கம் பசையையும் கூட்டிக்கொண்டு ஒரே தாளாக வந்தது. அதே ஃபிலிம், அதே வயசு, அதே வெயில். மாறியது சூடு போய்ச் சேர்ந்த விதம் மட்டும்தான்.

"நல்லா சூடு பண்ணி இழு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த "நல்லா"வில்தான் வில்லங்கமே இருக்கிறது. பிபிஎஃப் பசை எந்த இடத்தில் பிரியும் என்பதை அதன் சூடும் நாம் இழுக்கும் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சூடு அதிகமாகி, இழுப்பும் மெதுவாக இருந்தால் பசை இளகி நடுவிலேயே பிளந்துகொள்ளும். பாதி ஃபிலிமோடு வரும், பாதி காரோடு நிற்கும். சூடு குறைவாக இருந்து வேகமாக இழுத்தால் பசை விறைப்பாக நின்று பெயின்ட்டை விட்டுச் சுத்தமாகப் பிரியும். ஆனால் அதற்கு அதிக பலம் வேண்டும். வயசான ஃபிலிம் அந்த இழுப்புக்குக் கிழிந்துவிடும். பெயின்ட் பலவீனமாக இருந்தால் அதன் மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டே சேர்ந்து வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குறுகலான ஒரு இடம். இந்த பானட்டில் ஃபிலிமின் மேற்பரப்பு 50 டிகிரியை ஒட்டி இருந்தபோதுதான் எல்லாம் சரியாக அமைந்தது. 60-ஐத் தாண்டியதும் பசை தங்க ஆரம்பித்தது.

இதைத் தெரிந்துகொள்ள உரியும் கோட்டைக் கிட்டே குனிந்து பார்த்தால் போதும். ஃபிலிம் பெயின்ட்டை விட்டுப் பிரிகிற அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் இழுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். அங்கேயே பத்து இருபது நொடி ஆறவிட்டு, இழுப்பைக் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும். நூல் இல்லாமல், "சர்ர்ர்" என்று ஒரே சீரான சத்தத்தோடு வந்தால் அப்படியே தொடரலாம். சத்தம் விட்டு விட்டு "டக் டக்" என்று கேட்டால் பசை குளிர்ந்து முரண்டு பிடிக்கிறது. அடுத்து நடக்கப்போவது கிழிசல். அப்போது கையை நிறுத்திவிட்டு மறுபடி ஆவி காட்ட வேண்டும். நடுவில் நிறுத்திய இடத்தில் ஒரு பசைக் கோடு விழும். பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

ஹீட் கன் ஏன் சொதப்புகிறது என்றால், மூக்கிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரியில் இருக்கிறது. ஃபிலிம் செய்யப்பட்ட டிபியு (ஒரு வகைப் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) சூட்டைச் சட்டென்று கடத்தாது. மேற்பரப்பு இளகி ஜவ்வாக நீளும்போது அடியில் பசை ஒரு இடத்தில் கொதிக்கும், நான்கு விரல் தள்ளி வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. பானட்டின் உள்சட்டம் ஒட்டியிருக்கிற இடங்கள் சூடேற இன்னும் தாமதமாகும். ஆவியில் இந்தப் பிரச்சினை குறைவு. என்ன செய்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. குளிர்ந்த இடத்தில் அதிகமாகப் படிந்து தண்ணீராகும்போது அங்கேயே சூட்டை இறக்கிவிட்டுப் போகும். அதனால் சூடு தானாகவே சமப்படுகிறது. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஹீட் கன் பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி.

செய்முறை இதுதான். ஒரு அடிக்கு ஒரு அடி பரப்பை எடுத்துக்கொண்டு, ஸ்டீமர் தலையை மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும். பிறகு சூடு அடிவரை இறங்கப் பத்து நொடி பொறுத்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு இழுக்கலாம். வைப்பர் பக்கத்து மூலையில் ஆரம்பிப்பது நல்லது. முன்விளிம்பைவிட அங்கே ஃபிலிம் கெட்டியாக இருக்கும், பிடி கிடைக்கும். நகம் அல்லது பழைய ஏடிஎம் கார்டால் மூலையைக் கிளப்பினால் போதும், பிளேடு வேண்டாம். கிளம்பிய ஃபிலிமை நேராக வானத்தைப் பார்த்துத் தூக்காமல், தன் மேலேயே மடித்து, பானட்டை ஒட்டித் தாழ்வாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் பலம் முழுவதும் பெயின்ட்டைப் பிய்க்கிற திசையில் போகும். இரண்டு கைக்கும் இடையில் ஒரு சாண் அகலம் போதும். அதற்கு மேல் அகலமாகிவிட்டால், தூக்கிப் பிடித்த பகுதியைக் கத்தரிக்கோலால் நறுக்கி இரண்டு பட்டையாக்கிக்கொள்ளலாம். பெயின்ட் மேல் படுத்திருக்கும் ஃபிலிமில் கத்தி வைத்தால் கிளியர் கோட்டில் கீறல் விழும், தகடுவரை இறங்கினால் அதே கோட்டில் துரு வரும்.

சித்திரை வைகாசி வெயிலில் காரை நிறுத்தி "சூரியனே சூடு பண்ணட்டும்" என்று விடுவதும் சரிவராது. கறுப்பு வண்டியென்றால் தகடு 60-ஐ வெகு சுலபமாகத் தாண்டும். காலை நேரம், நிழல், ஸ்டீமர். இதுவே போதும்.

ஒன்றை மட்டும் உரிக்கத் தொடங்கும் முன்பே பார்த்தாக வேண்டும்: அந்த பேனல் மறுபடி பெயின்ட் அடித்ததா? பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கேஜில் கம்பெனி பெயின்ட் பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் வரை காட்டும். 200-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும், பல நூறு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. கேஜை ஃபிலிம் மேல் வைத்தால் ஃபிலிமின் 150–200 மைக்ரானும் சேர்ந்துவரும், கழித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலையே செய்யாது. ரீபெயின்ட் என்று தெரிந்தால் கண்ணில் படாத மூலையில் இரண்டு விரல் அகலம் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடங்களும் இப்படித்தான். அதன் ஓரத்தில் கிளியர் கோட் ஏற்கெனவே தூக்கி நிற்கும். அங்கே சூட்டைக் கொஞ்சம் கூட்டி, ஆமை வேகத்தில் தாண்ட வேண்டும். பசை தங்கினால் தங்கட்டும், பசையைத் துடைக்கலாம். போன பெயின்ட் திரும்பாது.

இனி இடது பாதியில் தங்கிய பசை. ஆரஞ்சு எண்ணெய் கலந்த ரிமூவர்தான் வழக்கம். ஆனால் நம் ஊரில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நீலகிரித் தைலம். கலப்படமில்லாத தைலத்தை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துப் பசை மேல் படுக்கவைத்து, உலராமல் இருக்க மேலே சமையலறை கிளிங் ஃபிலிம் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் பசை வெளுத்து ஊதிக்கொள்கிறது. கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டினால் உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்துவிடும். முன்னும் பின்னும் தேய்த்தால் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். மெல்லிசாக மிச்சமிருப்பதை ஐசோபுரொபைல் ஆல்கஹால் முடித்துவைக்கும். தடித்த இடத்தில் பிளாஸ்டிக் பிளேடு ஓட்டலாம். பெயின்ட் கடை என்சி தின்னரை மட்டும் தொடவே கூடாது, அதுவும் ரீபெயின்ட் பேனலில் கிளியர் கோட்டையே இளக்கிவிடும். தைலத்தின் எண்ணெய்ப் பசை போக ஷாம்பு வாஷ் கட்டாயம். பிறகு கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி), பழைய ஃபிலிம் ஓரம் இருந்த இடத்தில் தெரிகிற கோட்டுக்கு மட்டும் லேசாகப் பாலிஷ், ஆல்கஹால் துடைப்பு. இதெல்லாம் தெரிந்ததுதான்.

புது ஃபிலிம் பற்றி ஒரு இடைச்செருகல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் "டிபியு" என்ற பெயரில் என்னவெல்லாமோ கைக்கு வரும். பிவிசி ஃபிலிமை டிபியு என்று தள்ளிவிடும் கடைகளும் உண்டு, கோபம் வரத்தான் செய்கிறது. நகம்வைத்து நீட்டிப் பார்ப்பது, மோந்து பார்ப்பது எதுவும் நம்பகமில்லை. செப்புக் கம்பியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்த முனையை ஃபிலிம் துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், பச்சைச் சுடர் எழுந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. டிபியுவில் அந்தப் பச்சை வராது. புகை நல்லதல்ல, மொட்டைமாடியில் செய்யவும். டிபியுவிலேயே அலிஃபாட்டிக் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாவது உறுதி. வெள்ளைக் காருக்கு இது உயிர்நாடி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் பாரிமுனைக் கெமிக்கல் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும், சின்ன மருந்துக்கடை பாட்டில் கட்டுப்படியாகாது.

ஒட்டுவதற்கு 1.52 மீட்டர் அகல ரோலில் ஹேட்ச்பேக் பானட் ஒரே துண்டில் அடங்கிவிடும். ஒட்டும்போது அடியில் தெளிக்கும் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போர்வெல் உப்புத் தண்ணீரில் ஒட்டினால் அடியில் காயும்போது வெள்ளைத் திட்டு நின்றுவிடும், பிறகு எடுக்க வழியே கிடையாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது ஆர்ஓ தண்ணீர். ஃபிலிம் வழுக்கி நகர, லிட்டருக்கு 2–3 மில்லி பேபி ஷாம்பு. நம் ஊர்ச் சூட்டில் பசை சீக்கிரம் பிடித்துக்கொள்வதால் 5 மில்லிவரை போகலாம். ஓரங்களைப் பிடிக்கவைக்க இன்னொரு பாட்டிலில் 15 சதவீதம் ஆல்கஹால் கலந்த தண்ணீர். பானட் தொட்டால் குளுமையாக இருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். மின்விசிறி நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினால் பாதிக் கவலை விட்டது. மாலையில் லைட் போட்டு ஒட்டாதீர்கள். ஈசல், கொசு எல்லாம் சோப்புத் தண்ணீரில்தான் வந்து விழும், ஃபிலிமுக்கு அடியில் ஒரு கொசு மாட்டினாலும் அந்த மூலையையே தூக்கியாக வேண்டும்.

நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு முதலில் ஸ்குவீஜி (தண்ணீரை வெளியே தள்ளும் பட்டை) போட்டுப் பூட்டிவிட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக, முந்தைய இழுப்பின் பாதியை அடுத்தது மிதிக்கும்படி தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்விளிம்பின் வளைவில் விரல் விரலாகச் சுருக்கம் நிற்கும். ஸ்குவீஜியால் அழுத்தி அழுத்தி அதைச் சாகடிக்கப் பார்ப்பது வீண்; மறுநாள் திரும்ப எழுந்துகொள்ளும். அந்த ஓரத்தை ஒரே வீச்சில் தூக்கி, ஆல்கஹால் தண்ணீர் அடித்து, சுருக்கத்துக்குக் குறுக்கே லேசாக நீட்டி இறக்க வேண்டும். தூக்கும்போது நடுவில் தயங்கி நின்றால் பசையில் கோடு விழும், அது போகாது. பிடிக்கும் விரலும் நனைந்திருக்க வேண்டும், காய்ந்த விரலின் ரேகை பசையில் அப்படியே பதியும். விளிம்புக்கு அடியில் 5 மில்லிமீட்டர் மடக்கி, அந்த மடிப்பைத் துணியால் காயவைத்து, மிதமான சூடு காட்டி அழுத்தினால் நிற்கிறது. ஈரம் இருக்கும்வரை என்ன அழுத்தினாலும் திரும்பத் திறந்துகொள்ளும்.

இப்போது பானட்டில் இரண்டு சின்னத் தண்ணீர்க் கொப்புளம் மட்டும் நிற்கிறது. தண்ணீர் என்றால் ஓரிரு வாரத்தில் தானே வற்றும், குத்திப் பார்க்கத் தேவையில்லை. காற்று என்றால் அழுத்தும்போது நகராமல் அதே வடிவத்தில் திரும்பும். அதற்கு இன்சுலின் ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு ஆல்கஹால் தண்ணீரோடு வெளியே தள்ளலாம். முன்விளிம்பு மடிப்பு இடது ஹெட்லைட் பக்கம் ஒரு இடத்தில் இன்னும் முழுசாக உட்காரவில்லை, அங்கே இன்னொரு முறை காயவைத்து அழுத்த வேண்டும்.

அடுத்தது முன் பம்பர். ஃபாக் லேம்ப் குழியைச் சுற்றி ஒரே துண்டில் கொண்டுவர முடியாது, மூன்று துண்டாகப் பிரிக்கும் எண்ணம். அங்கே கத்திக்குப் பதில் வெட்டும் நூல் உள்ள டேப்தான். கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கு மிச்சமுள்ள ஃபிலிமே போதும். நகக்கீறல் விழுகிற இடம் என்பதால் பம்பருக்கு முன்னால் அதை முடித்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. குழியில் இருக்கும் பழைய துண்டுகளுக்கு ஸ்டீமர்கூட வேண்டாம், வெந்நீரில் முக்கிய துணியை இரண்டு நிமிடம் ஒற்றி வைத்தால் கழன்றுவிடும்.