'திரும்பி வந்துடுவோம்' என்று சொல்லக்கூடாத இன்டர்வியூ

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட என் தங்கை, அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி, கேட்டுப் போட்டிருக்கிறாள். அவள் அங்கிருந்து படிவம் அனுப்புவாள், இங்கே கடலூரில் காகிதம் சேர்ப்பது, நோட்டரி ஆபீஸ் வாசலில் நிற்பது, இரண்டு பேரையும் இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது எல்லாம் என் வேலை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் இதே கதை ஓடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில், இன்டர்வியூ என்றதும் எல்லோரும் சென்னை ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தைத்தான் நினைக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவுக்கு அது சரி. கிரீன் கார்டுக்கான குடியேற்ற விசாவுக்கு மும்பை போக வேண்டும். அப்புறம், பெற்றோருக்கு இது வருடக்கணக்கில் காத்திருக்கும் க்யூ இல்லை. பிள்ளைக்கு 21 வயதும் குடியுரிமையும் இருந்தால் போதும், வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. (அண்ணன் தம்பிக்குப் போட்டால் ஏறக்குறைய இருபது வருடம். என்னைக் கேட்காதீர்கள், நான் போகவில்லை.) அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு என்று தனித்தனியாகப் போட வேண்டும், ஒன்றில் இன்னொருவரைச் சேர்க்க முடியாது. இது ஏதோ கூடுதல் செலவு என்றுதான் முதலில் பட்டது, பின்னால் இதுவே எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காகித விஷயத்தில் எங்கள் வீடு ஒரு வேடிக்கை. அம்மா 1953-இல் பாகூரில் பிறந்தவர். அப்போது அது பிரெஞ்சு ஆட்சி. பதிவேட்டில் பெயர், தேதி, தாய் தகப்பன் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நகல் வாங்கி இங்கிலீஷில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் 'சரியாகப் பெயர்த்திருக்கிறேன், எனக்கு இரண்டு மொழியும் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அப்பா பிறந்தது தென்பெண்ணைக்கு இந்தப்புறம், நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம், 1949. பதிவே இல்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் பிறந்திருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை என்று அவரிடமே சொன்னேன், 'எங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு' என்றார்.

நம் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்து அடுத்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லாதது சகஜம் என்பது தூதரகத்துக்கும் தெரியும். பதிவேட்டில் இல்லை என்ற சான்று, பள்ளிச் சான்றிதழ், பிறப்பைப் பற்றித் தெரிந்த மூத்த உறவினர்களின் அஃபிடவிட் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். அப்பாவைவிட மூத்தவர்கள் இருக்கும்போதே அந்த அஃபிடவிட்டை வாங்கிவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

கல்யாணத்துக்கும் அதே பாடுதான். திருவந்திபுரத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள்? கல்யாண ஆல்பம் 2011 தானே புயலில் ஓடு பறந்து நனைந்து ஒட்டிக்கொண்டது, பத்திரிகை மட்டும் அத்தை வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. அதை வைத்து இந்து திருமணச் சட்டத்தில் இப்போது பதிவு செய்தோம். மகள் அப்பாவுக்குப் போடும் மனுவில் திருமணச் சான்றும் கேட்பார்கள், விட்டுவிட முடியாது.

இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பள்ளிச் சான்றில் அம்மாவுக்குத் தாத்தாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் ஆகி உட்கார்ந்திருக்கிறது, ஆதாரில் அம்மா பெயரில் வரும் லட்சுமிக்கு ஒரு எழுத்து கூடுதல். வெள்ளைக்காரர் பார்த்தால் நாலு பெண்கள். எல்லாம் ஒருவரே என்று அஃபிடவிட் ஒன்று எடுத்து, எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதி வைத்தோம். என் கணிப்பில் இன்டர்வியூ தயாரிப்பில் முக்கால்வாசி இதுதான்.

அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கொடி யூனியன். விசா படிவத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகவோ தொடர்புடையவராகவோ இருந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். சும்மா 'இல்லை' என்று போட்டுவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கட்சி உறுப்பினராக இருந்தவர்களுக்குக்கூட, விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே விலகியிருந்தால் விலக்கு உண்டு. பொய்க்குத்தான் சுலபத்தில் விலக்கு இல்லை. வக்கீலிடம் கேட்டு உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

இனி, கேள்வி பதில். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் ஆபீசர்.

"எதுக்காக அமெரிக்கா போறீங்க?"

அம்மா டக்கென்று, "பொண்ணைப் பாத்துட்டு ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவோம் சார். இங்க வீடு இருக்கு, நெலம் இருக்கு."

டூரிஸ்ட் விசாவுக்குப் போனபோது நாங்களே ஊட்டிய பதில். அங்கே அது நூற்றுக்கு நூறு. இங்கே அதைச் சொன்னால், பிறகு எதற்கு நிரந்தரக் குடியிருப்பு, டூரிஸ்ட் விசா போதுமே என்றுதான் எந்த ஆபீசரும் நினைப்பார்.

'அங்கேயே இருக்கப் போறோம்னு சொல்லும்மா' என்றேன். அம்மா, "நான் அங்கயே இருக்கப் போறேன்னு யார் சொன்னா?" என்றார்.

அங்கேதான் ஒத்திகையை நிறுத்திவிட்டு நிஜமாகப் பேசினோம். கிரீன் கார்டு என்பது நீண்ட விசா இல்லை, அங்கே வாழ்வதற்கானது. ஒரு வருடத்துக்கு மேல் இங்கே தங்குவதாக இருந்தால் திரும்ப உள்ளே நுழைவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும், அதையும் அங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அரைவருடம் அங்கே, அரைவருடம் இங்கே என்று ஓட்டினால் ஒரு நாள் விமான நிலையத்தில் கேள்வி வரும். மருத்துவக் காப்பீடு இன்னொரு கவலை. 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்கூட, அங்கே வேலை பார்த்திராத புதியவர்களுக்கு ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்த பிறகே காசு கட்டி வாங்க முடியும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டும் போகிறவர்கள் டூரிஸ்ட் விசாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. தங்கைக்கு இதைச் சொன்னதில் கொஞ்சம் கோபம்தான்.

அப்பா தயாராக இருந்தார், அம்மா இல்லை. மனு தனித்தனி என்பதால் அப்பா மட்டும் முன்னால் போகலாம் என்றேன். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு மனசு மாறிவிட்டது, காரணம் நான் கேட்கவில்லை. இப்போது கேள்விக்கு அவர் சொல்லும் பதில், "பொண்ணு கூப்பிடுறா, அவகூட இருக்கப் போறோம்." அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இனி மிச்சம் மெடிக்கல். தூதரகம் அங்கீகரித்த டாக்டர்களிடம்தான் எடுக்க வேண்டும், நமக்குச் சென்னை. அப்பாவுக்கு இளவயதில் டி.பி. வந்து குணமானது, எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை என்று இரண்டு மாதம் இழுக்கும், அதனால் பழைய மருந்துச் சீட்டோடு சீக்கிரம் போகிறோம். ஆனால் ரொம்ப சீக்கிரமும் கூடாது. விசாவின் காலம் மெடிக்கல் தேதியைப் பொறுத்தது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அங்கே இறங்கியாக வேண்டும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போகாமல் கிளம்ப மாட்டேன் என்று அம்மா ஒரே பிடி. காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடிக்காமல் வருகிறது.