பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

"சமூகவியல் எடுக்க ஒரு ஆள் வேணும்பா. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை. இடம்தான் கொஞ்சம் வேற மாதிரி."

2022 தொடக்கத்தில் என் பழைய பேராசிரியர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். இடம், எங்கள் ஊர் மத்திய சிறை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, நாட்டின் பல சிறைகளுக்குள் கல்வி மையம் வைத்திருக்கிறது. 1994இல் டெல்லி திகார் சிறையில் தொடங்கிய ஏற்பாடு. 2010இலிருந்து கைதிகளுக்குக் கட்டணமும் கிடையாது. நான் அப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எந்த மாதம் வரும் என்று தெரியாத உத்தியோகம். சரி, ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் கேட்டிலேயே அரைமணி நேரம் போய்விட்டது. மெயின் கேட்டில் இரண்டு கதவு. முதல் கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். நடுவில் நிற்கும் அந்த இடத்தில்தான் சோதனை. செல்போன், பர்ஸ், வண்டிச் சாவி எல்லாம் வெளியே கொடுத்தாயிற்று. சட்டைப் பையில் கிடந்த பென்டிரைவை மறந்துவிட்டேன். காவலர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து என் பை. ஆசையாகப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோயிருந்த பதினோரு நோட்ஸ்.

"கம்பி உள்ள போகாது சார்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து பதினோரு சுருளையும் திருகித் திருகி உருவினோம். காவலரும்தான். ஸ்டேப்ளர் பின்னும் ஆகாதாம். தாள் எல்லாம் கலந்துபோய், ஒரே குவியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வகுப்பறை என்பது நூலகத்தை ஒட்டிய ஒரு கூடம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் பதினோரு பேர் எழுந்து நின்றார்கள். அதில் ஐம்பதை நெருங்கிய ஒருவர் மட்டும் என் கையில் இருந்த குவியலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் உட்கார்ந்து பக்க எண் பார்த்து அடுக்க ஆரம்பித்தார். வகுப்பு முடிவதற்குள் பதினோரு கட்டும் தயார். நெசவுப் பிரிவிலிருந்து வாங்கி வைத்திருந்த பருத்தி நூலால் மூலையில் துளையிட்டு முடிச்சுப் போட்டிருந்தார். அப்புறம் ஒரு நீள நோட்டை என் முன்னால் விரித்தார். தேதி, பொருள், எண்ணிக்கை, கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர், குறிப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்.

"கொடுத்தவர்னு போட்ட இடத்துல ஒரு கையெழுத்து போடுங்க சார்."

அவர்தான் ரைட்டர். சிறையில் எழுத்து வேலை பார்க்கும் தண்டனைக் கைதியை அப்படிச் சொல்வார்கள். ஆயுள் தண்டனை. பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர். ஆனால் அந்த மையத்தின் பதிவாளரும் அவர்தான், தேர்வாணையரும் அவர்தான். நல அலுவலருக்கு நூறு வேலை. வீட்டிலிருந்து மனு போட்டுப் பார்க்க யாரும் வராத கைதியிலிருந்து விடுதலையாகிப் போக பஸ் காசு இல்லாதவர் வரை எல்லாம் அவர் தலையில்தான். படிப்பு சம்பந்தமாக அவர் கையெழுத்து வேண்டிய தாளை எந்த நாள், எந்த நேரம் நீட்டினால் நடக்கும் என்பது ரைட்டருக்குத் தெரியும். நானும் மற்றவர்களைப் போல அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் கடைசிவரை என்னை சார் என்றே சொன்னார்.

பாடம் நடத்துவது உண்மையில் சுலபமாக இருந்தது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு, ஆறு கிரெடிட் தாளுக்கு 180 மணி என்பது இக்னோ கணக்கு. வெளியே மாணவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஒருவர் விரல் விட்டு எண்ணி, "லாக்கப்புக்கு அப்புறம் தினம் ரெண்டு மணி நேரம்னா மூணு மாசம் சார்" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். பிளாக்கில் விளக்கு ராத்திரி முழுக்க எரியும். கஷ்டம் மொழியில்தான். பி.ஏ. புத்தகங்கள் அப்போது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தன. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக உள்ளேயே எழுதி, பிளஸ் டூவும் உள்ளேயே முடித்தவர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஒருநாள் முதன்மைக் குழு பற்றிப் பாடம். சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1909இல் சொன்னது. முகத்துக்கு முகம் பார்த்துப் பழகும் நெருங்கிய கூட்டம், குடும்பம், விளையாட்டுத் தோழர்கள், அக்கம்பக்கம். அலுவலகம், கட்சி மாதிரியானவை இரண்டாம் நிலைக் குழு. நடத்தி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். இருபத்தேழு வயது இருக்கும்.

"எட்டு வருசமா ஒரே பிளாக்ல இருக்கோம் சார். இவரு குறட்டைச் சத்தத்துல இவருன்னு இருட்டுலயே சொல்லிடுவேன். ஆனா நாங்களா சேரல. இது முதல் குழுவா, ரெண்டாவதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பல்கலைக்கழகத் தேர்வுகளில் எத்தனையோ விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரும் ஒரு வரியைக்கூட எந்த விடைத்தாளிலும் பார்த்ததில்லை.

என் நேரத்தைத் தின்றது தாள்கள்தான். இக்னோவில் ஒவ்வொரு தாளுக்கும் அசைன்மென்ட் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 தேர்வுக்கு. வினாக்கள் இணையத்தில் வரும், உள்ளே இணையம் கிடையாது. நான் பிரிண்ட் எடுத்துப் போக வேண்டும். விடையைக் கையால் எழுதித் தர வேண்டும். வாங்கி வந்து திருத்தி, மதிப்பெண் பட்டியலோடு சேர்க்க வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தேர்வு விண்ணப்பம், கடைசித் தேதி, அப்புறம் ஹால் டிக்கெட். ஒரு தேதி தவறினால் ஆறு மாதம் போச்சு. வெளியே இருக்கிற பிள்ளைக்கே இது பெரும்பாடு.

புதிதாகச் சேர வருபவர்களிடம் ரைட்டர் முதலில் கேட்பது, "பிளஸ் டூ இருக்கா?" என்பது. இல்லையென்றால் இக்னோவில் அப்போது ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று இருந்தது, அதை முடித்து நேராக பி.ஏ.வில் சேர முடிந்தது. ஆனால் பிளஸ் டூ இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. "நமக்கு எங்க கவர்மென்ட் வேலை" என்று அவர்களே சொல்வார்கள். ரைட்டர் விடமாட்டார். "உன் தண்டனை முடியும். சர்டிபிகேட் முடியாது. வரிசையா படி" என்று பிளஸ் டூ தனித்தேர்வுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். விசாரணைக் கைதிகள் வந்தால் அவருக்கு முகம் வாடும். நாட்டின் கைதிகளில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் அவர்கள்தான் என்கிறது 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரம். ஜாமீன் கிடைத்தால் நாளைக்கே போய்விடுவார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் போகிறவர் பதிவு எண்ணைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விடுவார் என்பதுதான் ரைட்டரின் வருத்தம்.

சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்று சுவரை ஒட்டி உண்டு. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள்தான் பெட்ரோல் போடுவார்கள். குறட்டைக் கேள்வி கேட்ட பையன் அங்கே வேலைக்கு வந்துவிட்டான். நான் அந்தப் பக்கம் வண்டியை விட்டால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "சார், அண்ணன் கேக்கச் சொன்னாரு. ஹால் டிக்கெட் வந்துருச்சா?" என்பான். நூறு ரூபாய்க்கு மேல் போடாத எனக்கு அந்த வருடம் டேங்க் எப்போதும் நிறைந்தே இருந்தது. கேட்பதற்குள் போட்டுவிடுவான்.

2023 அக்டோபரில்தான் அது நடந்தது. நான்கு கட்டு அசைன்மென்ட் வாங்கினேன், தாள் வாரியாக நூல் போட்டுக் கட்டியவை. வழக்கம்போல நோட்டில் கையெழுத்து. வீட்டில் வைத்துத் திருத்தி, பட்டியல் போட்டுச் சேர்த்தேன். பிப்ரவரியில் முடிவு பார்த்தால் ரைட்டருக்கு ஒரு தாளில் தேர்வு மதிப்பெண் இருக்கிறது, அசைன்மென்ட் கட்டம் காலி. "நிறைவடையவில்லை" என்று காட்டுகிறது. கணினிக் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு வாரம் கழித்து, பழைய பேப்பர்காரருக்குப் போட என் மனைவி ஒதுக்கி வைத்திருந்த மகளின் பழைய நோட்டுகளுக்கு நடுவில் அந்த வெள்ளை நூல் முடிச்சைப் பார்த்தேன். நான்காவது கட்டு. அந்தத் தாளைப் பாடமாக எடுத்திருந்தது ரைட்டர் ஒருவர்தான். கட்டுக்குள் அவருடைய பன்னிரண்டு பக்கம் மட்டும்.

அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தை எடுக்க அவருக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. அசைன்மென்ட், நான்கு கட்டு, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அவர் என்னைப் பார்க்கவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் "ஒரு கட்டு சேரவில்லை" என்று எழுதினார். "புது கேள்வி வந்திருக்கும்ல சார்? எடுத்துட்டு வாங்க, எழுதிடலாம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

எடுத்துப் போனேன். எழுதி முடிப்பதற்குள் உத்தரவு வந்துவிட்டது. 14 ஆண்டு முடிந்து, முன்விடுதலையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் பரிந்துரைத்து, ரைட்டருக்கு முன்விடுதலை. 2024 கோடையில் ஒருநாள் போனபோது ஜன்னலோர இடத்தில் பெட்ரோல் பங்க் பையன் நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

அந்த வருடம் செப்டம்பரிலிருந்து புதுத் தலைவலி. தொலைநிலைப் படிப்பில் சேர யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு தனி அடையாள எண்ணைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்னால் இன்னொரு எண் வேண்டும். அதற்கு ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போனில் ஓ.டி.பி. கைதியின் செல்போன் எங்கே இருக்கிறது? ஒருவருடைய எண் அவர் அம்மாவிடம் இருந்தது. நான் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு போன் போட்டால் அந்த அம்மா நூறு நாள் வேலையில் கண்மாய்க்குள் நிற்கிறார். "நாலு... ஏழு... வெயில்ல கண்ணு தெரியல தம்பி, இருங்க, நெழலுக்குப் போறேன்." நிழலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை கிடைத்தது. "இதோட பாஸ் ஆயிருவானாப்பா?" என்று கேட்டார். இன்னொருவரின் பழைய எண் வேறு யாரிடமோ போய்விட்டது. எண்ணை மாற்ற ஆதார் மையத்தில் விரல்ரேகை வைக்க வேண்டும். விரல் உள்ளே இருக்கிறது, கருவி வெளியே இருக்கிறது. உள்ளே முகாம் போட்டால்தான் உண்டு. அவர் அந்தப் பருவத்தில் சேரவில்லை.

போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் ரைட்டர் அண்ணன் நின்றார். நீலச் சட்டை. நிறச் சட்டையில் பார்த்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறாராம். காப்பி குடிக்க உள்ளே வரச் சொன்னால் செருப்பைக் கழற்ற யோசித்து, திண்ணையிலேயே உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். அதே தாள், இந்த வருடத்துக் கேள்விகள். வினாத்தாளை பிரவுசிங் சென்டரில் அவரே எடுத்திருக்கிறார். மூலையில் இப்போது ஸ்டேப்ளர் பின்.

"பக்கம் கொஞ்சம் கம்மி சார். உள்ள இருந்த மாதிரி உக்கார முடியல."

புரட்டிப் பார்த்தேன். ஒன்பது பக்கம். வாங்கி உள்ளே வைக்கத் திரும்பினேன்.

"சார்" என்றார். பைக்குள் கை விட்டு ஒரு நீள நோட்டை எடுத்தார். புதுசு. முதல் பக்கத்தில் மட்டும் கோடு போட்டிருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, என் பக்கம் திருப்பி வைத்தார்.